குடும்பத்துக்கு ஒரு கேம்கார்டர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நம் வீடுகளில் கேமரா வாங்கும் பேச்சு பெரும்பாலும் ஒரு நிக்காஹ் தேதி குறித்த பிறகுதான் எழுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானிடமோ மாமாவிடமோ "நல்ல ஹேண்டிகேம் ஒன்று வாங்கி வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் கடைக்காரர் காட்டியவற்றில் ஜூம் எண் பெரிதாக உள்ளதை வாங்கி வருகிறார். கல்யாணம் முடிந்ததும் கேமரா பீரோவுக்குள் போய்விடுகிறது. நான்கைந்து ஆண்டு கழித்து எடுத்தால் பேட்டரி உப்பியிருக்கும், லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கும். எடுத்த பதிவு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கேமராவை இன்றைய விசேஷத்துக்காக மட்டும் வாங்குவதால் வரும் வினை இது. முப்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் இந்தப் பதிவில் எதைத் தேடுவார்கள் என்று கேட்டுவிட்டு வாங்கினால், தேர்வே வேறு மாதிரி அமையும். மண்டப அலங்காரத்தை அவர்கள் தேடப்போவதில்லை. நன்னி என்றோ பெத்தம்மா என்றோ நாம் அழைத்தவர் எப்படிப் பேசினார், எப்படிச் சிரித்தார் என்பதைத்தான் தேடுவார்கள்.

புதுச்சேரியில் இதற்கு அவசரமும் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. 1954இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பள்ளிக்கூடம், 'சொல்தா' என்று ஊரார் அழைத்த பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர்களின் வீடுகள், வியாபாரத்துக்காக சைகோன் போய் வந்த பாட்டனார் எல்லாம் அவர்கள் நினைவில் இருக்கின்றன. சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கே போனவர்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்ன கதைகள் அவர்களுடைய பிள்ளைகளின் குரலில் மட்டுமே மிச்சம். அந்தக் குரல் நின்றுவிட்டால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வீட்டுப் படங்களுக்கு வரலாற்று மதிப்பு உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருந்த பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேகரித்து டிஜிட்டலாக்கியது. 1880 முதல் 1980 வரை சாதாரணக் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட படங்கள் அவை. எடுத்த நாளில் அவை ஆய்வுப் பொருள் அல்ல, வீட்டுச் சுவரில் மாட்டியவைதான்.

இனி, எதைப் பார்த்து வாங்குவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

செல்போன் போதாதா?

நியாயமான கேள்வி. இன்றைய நல்ல செல்போன், விலை குறைந்த கேம்கார்டரைவிட மங்கிய வெளிச்சத்தில் தெளிவாகவே படம் எடுக்கும். ஐந்து நிமிடப் பதிவுகளுக்கு செல்போன் தாராளமாகப் போதும். இன்று புதிதாக வரும் குடும்பக் கேம்கார்டர் மாடல்கள் குறைந்துபோனதற்கும் அதுவே காரணம்.

கேம்கார்டருக்கு வேலை வருவது நீண்ட பதிவுகளில்தான். ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் பேசும்போது நடுவே போன் அழைப்பு வராது. பேட்டரி தீர்ந்தால் வேறொன்றைப் போட்டுத் தொடரலாம். அட்டை நிரம்பினால் மாற்றலாம். உண்மையான லென்ஸ் ஜூம் இருப்பதால் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்தே மணமகன் முகத்தை எடுக்கலாம். இந்த வசதிகள் தேவைப்படாத குடும்பம், அதே பணத்தில் ஒரு நல்ல முக்காலியும் சட்டையில் மாட்டும் மைக்கும் வாங்கி, இருக்கிற செல்போனையே பயன்படுத்திக்கொள்ளலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

போட்டோ கேமராவிலேயே வீடியோ எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய டிஜிட்டல் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானாகப் பதிவை நிறுத்திவிடும். அரை மணிக்கு மேல் பதியும் கருவியை வீடியோ கேமரா என்று கருதி ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி விதித்ததால் வந்த வரம்பு அது. பயான் நடுவில் கேமரா நின்றுபோனால் எடுப்பவருக்கே தெரியாது. கேம்கார்டரில் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் ஒலி

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வோம். பேச்சு புரியாவிட்டால் பதிவே வீண். ஆனாலும் வாங்கும்போது யாரும் மைக்கைப் பற்றிக் கேட்பதில்லை.

கேமராவில் உள்ள மைக், பேசுபவரிடமிருந்து தள்ளி இருக்கிறது. தூரம் இரு மடங்கானால் பேச்சின் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். மின்விசிறிச் சத்தமும் தெருவில் போகும் ஹாரனும் அதே அளவில் இருக்கும். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுபவர்கள். பத்தடி தள்ளி வைத்த கேமராவில் விசிறிதான் பேசும்.

ஆகவே வாங்கும் கேம்கார்டரில் வெளி மைக் செருகும் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹெட்போன் துளையும் இருந்தால் பதியும்போதே காதில் கேட்டுச் சரிபார்க்கலாம். உதாரணத்துக்கு, சோனியின் எளிய மாடலான எச்டிஆர்-சிஎக்ஸ்405இல் மைக் துளை கிடையாது. அதே நிறுவனத்தின் எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53இல் மைக், ஹெட்போன் இரண்டுக்கும் இடம் உண்டு. மைக் துளை இல்லாத கேமரா ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பேசுபவரின் மடியருகே ஒரு செல்போனை வைத்து அதில் ஒலியைத் தனியாகப் பதிந்துகொள்ளலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், பின்னர் ஒலியையும் படத்தையும் பொருத்துவது சுலபம்.

கடற்கரைச் சாலையில் பிள்ளைகளை எடுப்பவர்களுக்கு எதிரி காற்று. மைக்கின் மேல் பஞ்சு உறை போடுவதும், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நிற்பதும் பாதி இரைச்சலைக் குறைக்கும்.

அடுத்தது வெளிச்சம்

ஊரின் தென்பகுதியில் மீராப் பள்ளி, குத்பா பள்ளி வட்டாரத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் கண்ணைக் கூசும் வெயில், தாழ்வாரத்தில் பாதி நிழல், உள்ளறையில் ஒற்றை விளக்கு. கேமராவுக்கு இதைவிடக் கடினமான இடம் இல்லை.

மங்கிய வெளிச்சத்தில் கைகொடுப்பது சென்சாரின் அளவு. இது பெட்டியில் 1/5.8, 1/2.5 என்று பின்னமாக எழுதப்பட்டிருக்கும். கீழே உள்ள எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது. மேலே சொன்ன சிஎக்ஸ்405இன் சென்சார் 1/5.8 வகை, ஏஎக்ஸ்53இன் சென்சார் 1/2.5 வகை. பரப்பளவில் ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். மெகாபிக்சல் எண் இதை ஈடுகட்டாது.

உட்காரும் இடத்தை மாற்றினாலே காசில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும். முற்றத்தைப் பார்த்து உட்காரவைத்து, கேமராவை முற்றத்துப் பக்கம் வையுங்கள். முகம் மலர்ந்து தெரியும்.

ஜூம், அகலக் கோணம், கை நடுக்கம்

பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். சிஎக்ஸ்405இல் 30 மடங்கு, ஏஎக்ஸ்53இல் 20 மடங்கு. ஜூம் குறைந்த மாடல்தான் இரண்டில் மேலானது என்பதையும் கவனியுங்கள்.

வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு ஜூமைவிட அகலக் கோணம் முக்கியம். குறுகிய அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் பல பழைய ஹேண்டிகேம்களில் நான்கு பேர்கூட அடங்கமாட்டார்கள். லென்ஸ் விவரத்தில் 35 மி.மீ. கணக்கில் தரப்படும் தொடக்க எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அகலம். 27 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்த குடும்பம் மொத்தமும் வந்துவிடும்.

கை நடுக்கத்தை லென்ஸே அசைந்து சரிசெய்யும் ஆப்டிகல் முறை, மென்பொருளால் சரிசெய்யும் முறையைவிட நல்லது. ஆனால் நீண்ட பேச்சுக்கு முக்காலிக்கு ஈடில்லை.

இணையக் கடைகளில் பெயர் தெரியாத நிறுவனங்கள் '4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று மலிவு விலையில் விற்கும் கேம்கார்டர்களில் அந்த ஜூம் பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம்தான். பலவற்றில் ஃபோகஸ்கூட மாறாது. அந்தக் காசுக்கு உங்கள் செல்போனே மேல்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவோருக்கு

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60. அங்கே விற்கும் கேம்கார்டர்கள் வினாடிக்கு 30 அல்லது 60 படம் எடுப்பவை. பெரும்பாலான குடும்ப மாடல்களில் இதை மாற்ற முடியாது. அவற்றால் நம் ஊர் டியூப்லைட், எல்இடி விளக்கின் கீழ் எடுத்தால் படம் மினுக்மினுக்கென்று அடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் இது குறையும். ஆனால் எளிய மாடல்களில் அந்த வசதியும் இருக்காது. எனவே 25 அல்லது 50 படம் எடுக்கும், 'பால்' முறை மாடலா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வாங்கினாலும், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை பில்லோடு கேட்டுக்கொள்வது நல்லது.

அட்டைக் கணக்கு

எந்தத் தரத்தில் பதிகிறோம் என்பதைப் பொறுத்து இடம் தேவைப்படும். ஃபுல் எச்டியில் வினாடிக்கு 24 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 11 ஜிபி. 4கேயில் 60 மெகாபிட் என்றால் 27 ஜிபி. 100 மெகாபிட் என்றால் 45 ஜிபி. இந்தக் கடைசித் தரத்தில் 64 ஜிபி அட்டை 80 நிமிடத்தில் நிரம்பிவிடும்.

வீட்டுப் பேச்சுப் பதிவுகளுக்கு ஃபுல் எச்டி போதும். 1 டிபி ஹார்ட் டிஸ்கில் 90 மணி நேரத்துக்கு மேல் சேமிக்கலாம். 4கேதான் வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள். 4கே பதிவுக்கு அட்டையின் மேல் யு3 அல்லது வி30 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பதன் அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. ஏவிசிஎச்டி முறையில் பதியும் கேமராக்கள் நீண்ட பதிவைப் பல ஃபைல்களாக உடைத்து வைக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வீடியோ ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டால் இணையும் இடத்தில் விட்டுவிட்டு வரலாம். அட்டையில் உள்ள எல்லா ஃபோல்டர்களையும் அப்படியே நகலெடுங்கள்.

வீட்டின் திரை விலகாமல்

நம் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமல்ல. செல்போனில் எடுத்த வீடியோ, நமக்குத் தெரியாமலே இணையக் கணக்கில் ஏறி, குடும்பத்தார் எல்லாருடைய கைகளிலும் சுற்றத் தொடங்கிவிடும். கேம்கார்டர் பதிவு அட்டையிலேயே நிற்கிறது. வைஃபை இருந்தால் அணைத்து வைத்துவிடலாம். பெண்கள் பகுதியில் ஒரு பெண்ணே எடுத்து, அட்டையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள முடியும் என்பது பல குடும்பங்கள் கேம்கார்டரை விரும்ப முக்கியக் காரணம்.

கேமராவுக்குள்ளேயே நினைவகம் உள்ள மாடல்களில் கவனம் தேவை. அட்டையை எடுத்துவிட்டு ரிப்பேருக்குக் கொடுத்தாலும் உள்ளே பதிவு இருக்கும். 'டெலிட்' செய்ததையும் மீட்டெடுக்க முடியும். உள் நினைவகம் இல்லாத மாடலே நமக்குப் பாதுகாப்பு. அட்டையை யாருக்கும் இரவலாகத் தரவேண்டாம்.

யாரை எடுக்கிறோமோ அவரிடம் முன்பே சொல்லி, எந்த இடத்தில் எடுப்பது, யார் யார் பார்க்கலாம் என்று ஒப்புதல் வாங்கிவிடுங்கள். உருவப்படம் எடுப்பதில் மாற்றுக் கருத்துள்ள பெரியவர்களும் நம் வீடுகளில் உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம். குரலை மட்டும் பதியலாம். சைகோன் கதைக்கு முகம் கட்டாயமில்லை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

நேரு வீதியிலோ வேறெங்கோ, கடைக்காரர் காட்டும் டெமோவை மட்டும் நம்பாமல் உங்கள் அட்டை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கடையின் இருண்ட மூலையில் ஒருவரை நிற்கவைத்து ஒரு நிமிடம் பேசச் சொல்லிப் பதியுங்கள். ஜூமை மெதுவாக முழுதும் நகர்த்துங்கள். நடந்துகொண்டே எடுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

பழைய கேமரா வாங்குவோர் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை, வாங்கவேண்டாம். அந்த மாடலுக்கு அசல் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

கேமராவை யார் இயக்கப்போகிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டில் அதிகம் இருப்பவர் உம்மா என்றால் உம்மாவின் கையில் கொடுத்துப் பாருங்கள். திறந்ததும் ஒரே பொத்தானில் பதிவு தொடங்கும் எளிய கேமரா, மகன் மட்டும் புரிந்துகொள்ளும் விலையுயர்ந்த கேமராவைவிட அதிகம் பதியும்.

பீரோவில் உள்ள பழைய கேசட்டுகள்

புதிய கேமராவுக்குச் செலவிடும் முன் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். விஎச்எஸ் பிளேயர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் பிளேயர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன.

வீடியோ8, ஹை8, மினிடிவி நாடாக்களை ஓட்ட அந்தந்தக் கேமராவே வேண்டும். எனவே பழைய கேமராவைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த விஎச்எஸ் கேசட்டுகள் நம் பிளேயரில் கறுப்பு வெள்ளையாக ஓடினால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அங்கே 'செகாம்' வண்ண முறை, இங்கே 'பால்'. செகாம் படிக்கும் பிளேயரில் போட்டால் வண்ணம் திரும்பிவிடும். டிஜிட்டலாக்கக் கொடுக்கும்போது இதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். வெண்பூஞ்சை படர்ந்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் எந்தப் பிளேயரிலும் போடக்கூடாது. நாடாவும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். போடும் முன் அழிப்புத் தடுப்புப் பூட்டைப் பார்த்துவிடுவது நல்லது. விஎச்எஸ்ஸில் அது ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக், உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது.

பதிந்ததைக் காப்பாற்றுவது

புதுச்சேரியில் கடல் உப்பும் ஈரமும் ஆண்டு முழுதும் உண்டு. கேமராவைத் தோல் உறையில் வைத்தால் பூஞ்சை சீக்கிரம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில் தனியாக வைத்து, மாதம் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலும் நம் ஊரைத் தாக்கியபோது எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரே வீட்டில், ஒரே அலமாரியில் உள்ள இரண்டு நகல்களும் ஒரே நாளில் போய்விடலாம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது இதற்கான எளிய விதி. காரைக்காலிலோ சென்னையிலோ பாரிஸிலோ நமக்கு உறவினர் இருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து போகும்போது ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் கொடுத்தனுப்பினால் போதும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். ஃபைல் பெயரில் தேதி, ஊர், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். பெயரில்லாத பதிவு அடுத்த தலைமுறைக்கு அந்நியர் பதிவுதான்.

எதைப் பதிவது?

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் மக்களுக்குத் திரையிட்ட முதல் படங்களில் ஒன்று, அண்ணன் குடும்பத்தைத் தம்பி எடுத்தது. அண்ணி அருகில் இருக்க, அண்ணன் கைக்குழந்தைக்கு உணவு ஊட்டுகிறார், அவ்வளவுதான். இன்றும் உலகம் அதைப் பார்க்கிறது. விசேஷ நாளைவிடச் சாதாரண நாளே காலம் கடந்து நிற்கும்.

ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கை, பிள்ளைக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுக்கும் குரல், மதியம் தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சு, இவற்றைப் பதியுங்கள். பெரியவர்களிடம் கேள்விகளைச் சிறியதாக வையுங்கள்: நீங்கள் படித்த பள்ளிக்கூடம் எது? கொடி மாறிய அன்று தெருவில் என்ன நடந்தது? உங்கள் வாப்பா சைகோனிலிருந்து என்ன கொண்டுவந்தார்? கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதிலுக்கு நடுவே பேசினால் நம் குரல்தான் மிஞ்சும்.

நல்ல கேமரா கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டில் எல்லாரும் சேர்ந்திருக்கும்போது, வீட்டின் மூத்தவர் அருகே விசிறியை அணைத்துவிட்டு, கையில் உள்ள செல்போனிலேயே அரை மணி நேரம் பதிந்துவிடுங்கள். கேம்கார்டரை அடுத்த மாதமும் வாங்கிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.